ஒத்தையா, ரெட்டையா, ரெண்டும் இல்லையா?

மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளி மூடிக்கொண்டு, "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் ஏதோ ஒன்றைச் சொல்வார். கையைத் திறந்து இரண்டு இரண்டாக நகர்த்தி எண்ணினால் விடை தெரிந்துவிடும். மேலூரில் விளையாடினாலும் உசிலம்பட்டியில் விளையாடினாலும் விடை இந்த இரண்டில் ஒன்றுதான்.

பதினோராம் வகுப்புக் கணக்கில் சார்புகள் வரும்போது இதே இரண்டு சொற்கள் திரும்பி வருகின்றன: ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு. சிலர் ஒற்றைப்படைச் சார்பு, இரட்டைப்படைச் சார்பு என்றும் சொல்வார்கள். மாணவர்கள் புளியங்கொட்டை ஞாபகத்திலேயே உட்கார்ந்து, "இது இரட்டைச் சார்பு இல்லை, ஆகவே ஒற்றைச் சார்பு" என்று எழுதிவிடுகிறார்கள். நான் திருத்திய தாள்களில் அதிகம் சிவப்பு மை வாங்கிய வரி இதுதான். எண்களுக்கு இல்லாத மூன்றாவது விடை சார்புகளுக்கு உண்டு: இரண்டும் இல்லை. பெரும்பாலான பல்லுறுப்புக் கோவைகளுக்கு அந்த மூன்றாவதுதான் சரியான விடை. எவ்வளவு பெரும்பாலான என்பதைப் பின்னால் எண்ணியே பார்ப்போம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூலில் மாறிக்கு எக்ஸ், சார்புக்கு எஃப் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே மாறியை ம என்றும் சார்பைச் சா(ம) என்றும் எழுதுகிறேன். தேர்வில் பாடநூல் எழுத்தையே போடுங்கள். கணக்குக்கு எந்த எழுத்தும் சம்மதம். திருத்துகிறவருக்குப் பழகிய எழுத்துதான் சம்மதம்.

வாய்க்கால் பலகை

பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, மேற்கே பாய்ந்த தண்ணீர் கிழக்கே திரும்பியதிலிருந்து மதுரையைச் சுற்றியுள்ள வயல்காட்டில் வாய்க்காலுக்குக் குறைவில்லை. வரப்பில் நடந்து போகிறவர்கள் தாண்டுவதற்குக் குறுக்கே ஒரு பலகை கிடக்கும். இரண்டு கரையிலும் முனை படிந்து, நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். யாரும் ஏறி நிற்காதபோது, தன் எடையாலேயே அது தொய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. பலகையின் நடுவைப் பூச்சியம் என்று வைத்து, பாதி நீளத்தை 1 என்று கொள்வோம். மரத்தின் விறைப்பு, எடை முதலான எண்களை ஒதுக்கிவிட்டால், நடுவிலிருந்து ம தூரத்தில் தொய்வு இப்படி இருக்கும்:

சா(ம) = ம⁴ − 6ம² + 5

நடுவில், அதாவது ம = 0 என்ற இடத்தில், தொய்வு 5. கரையில், ம = 1 என்றால், 1 − 6 + 5 = 0. முனை கரையில் படிந்திருப்பதால் அங்கே தொய்வு இல்லை, சரியாகத்தான் வருகிறது. எதிர்க் கரைக்கு ம = −1. அங்கேயும் பூச்சியம். பாதி வழியில், வலப்பக்கம் 0.5 போட்டாலும் இடப்பக்கம் −0.5 போட்டாலும் 3.5625 வரும். நடுவிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவோ, அந்தப் பக்கமும் அவ்வளவு. இப்படிப்பட்டதே இரட்டைச் சார்பு. எந்த ம எடுத்தாலும் சா(−ம) = சா(ம).

இப்போது பலகை அந்தந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வகையிடல் படித்தவர்கள் உடனே 4ம³ − 12ம என்பார்கள். நடுவில் சாய்வு பூச்சியம். வலப்பக்கம் 0.5இல் 0.5 − 6 = −5.5. இடப்பக்கம் −0.5இல் +5.5. அளவு ஒன்றுதான், குறி மட்டும் தலைகீழ். ஒரு பக்கம் இறக்கம் என்றால் மறுபக்கம் அதே அளவு ஏற்றம். இது ஒற்றைச் சார்பு. எந்த ம எடுத்தாலும் சா(−ம) = −சா(ம).

யாராவது தலையில் புல்லுக்கட்டோடு ஒரு முனைக்குப் பக்கமாக ஏறி நின்றால் பலகை அந்தப் பக்கம் கூடுதலாகத் தொய்யும். அப்போது இடமும் வலமும் ஒத்துப்போகாது, நேர் எதிராகவும் இருக்காது. நமக்கு வேண்டிய மூன்றாவது வகை அங்கே நிற்கிறது.

அடைப்புக்குறியில் தொடங்குங்கள்

சோதிக்கும் முறை ஒன்றே ஒன்றுதான். கோவையில் ம எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் (−ம) என்று போட வேண்டும், அடைப்புக்குறியோடு. பிறகு சுருக்கி, பழைய கோவையோடு ஒப்பிட வேண்டும். ஒரு குறியும் மாறவில்லை என்றால் இரட்டை. ஒன்று விடாமல் எல்லாக் குறியும் மாறினால் ஒற்றை. சில மாறி, சில மாறாமல் நின்றால் இரண்டும் இல்லை.

அடைப்புக்குறியை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. (−ம)² என்பது ம². ஆனால் −ம² என்பது −ம² தான். அடைப்புக்குறியைச் சோம்பலில் விட்டவர்கள் இரட்டைச் சார்பை ஒற்றையாக்கிவிடுவார்கள். ஒரு கோடு போடும் நேரத்தை மிச்சம் பிடித்து இரண்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது நல்ல வியாபாரம் இல்லை.

சா(ம) = 2ம⁵ − 7ம³ + ம என்பதை எடுத்துக்கொள்வோம்.

சா(−ம) = 2(−ம)⁵ − 7(−ம)³ + (−ம) = −2ம⁵ + 7ம³ − ம = −(2ம⁵ − 7ம³ + ம) = −சா(ம)

மூன்று குறியும் புரண்டுவிட்டன. ஒற்றைச் சார்பு. கடைசிக்கு முந்திய படியில் கழித்தல் குறியை வெளியே எடுத்து, உள்ளே பழைய கோவை அப்படியே இருப்பதைக் காட்டுகிறோம் பாருங்கள், திருத்துகிறவர் தேடுவது அந்தப் படியைத்தான்.

இன்னொன்று: சா(ம) = ம³ + 4ம² − 9.

சா(−ம) = (−ம)³ + 4(−ம)² − 9 = −ம³ + 4ம² − 9

முதல் உறுப்பின் குறி மட்டும் மாறியது, மற்ற இரண்டும் அசையவில்லை. இது சா(ம) உடனும் ஒக்கவில்லை. −சா(ம), அதாவது −ம³ − 4ம² + 9 உடனும் ஒக்கவில்லை. இரண்டும் இல்லை.

அடுக்கைப் பார்த்தே சொல்லலாம்

நாலைந்து கணக்குப் போட்டதும் உங்களுக்கே ஒரு விஷயம் பிடிபடும். ம², ம⁴, ம⁶ ஆகியவற்றில் கழித்தல் குறி ஜோடி ஜோடியாகப் பெருகிக் காணாமல் போகிறது. ம, ம³, ம⁵ ஆகியவற்றில் ஜோடி சேராத ஒன்று மிஞ்சுகிறது. புளியங்கொட்டையை இரண்டு இரண்டாக நகர்த்தும் அதே வேலைதான். ஆகவே எல்லா அடுக்கும் இரட்டைப்படை என்றால் இரட்டைச் சார்பு. எல்லா அடுக்கும் ஒற்றைப்படை என்றால் ஒற்றைச் சார்பு. கலந்திருந்தால் இரண்டும் இல்லை. லியோனார்டு ஆய்லர் 1727இல் இந்தச் சார்புகளுக்குப் பெயர் வைத்தபோது அடுக்குகளைப் பார்த்துத்தான் வைத்தார். பெயர்க் காரணம் தெரிந்தவர்களுக்கு எது எது என்ற குழப்பம் வராது.

இங்கே ஒரு முள் இருக்கிறது. சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண், ம⁴ − 6ம² + 5 என்ற கோவையைக் கரும்பலகையில் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், அந்த அஞ்சுகிட்ட ம இல்லையே. அடுக்கு இருந்தாத்தானே ஒத்தை ரெட்டை பாக்க முடியும்?"

"அஞ்சை 5ம⁰ன்னு எழுதலாம்ல? பூச்சியம் ஒத்தையா, ரெட்டையா?"

"பூச்சியம் ரெண்டுமில்ல சார்."

"பூச்சியம் புளியங்கொட்டைய ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிச்சுக் குடு பாப்போம்."

"ஆளுக்கு ஒண்ணுமில்ல."

"மிச்சம்?"

"மிச்சமும் இல்ல சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரெட்டை" என்றாள்.

அவ்வளவுதான். மாறிலி உறுப்பு இரட்டைப் பக்கத்தைச் சேர்ந்தது. ம³ + ம பார்க்க ஒற்றைச் சார்பு; அதோடு ஒரு 1 சேர்த்து ம³ + ம + 1 என்றாக்கினால் ஒற்றை கெட்டுப்போகும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது. வாலில் ஒரு சிறிய எண்ணை ஒட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொரு வழியிலும் இதைப் பிடிக்கலாம்: ஒற்றைச் சார்பில் ம = 0 போட்டால் பூச்சியம் வந்தாக வேண்டும். ம³ + ம + 1இல் 1 வருகிறது. முடிந்தது.

அடுத்த முள் 'படி'. கோவையின் படி என்பது மிகப் பெரிய அடுக்கு மட்டும். படி 4 என்பதால் இரட்டைச் சார்பு என்று முடிவு கட்டக்கூடாது. ம⁴ + ம³ என்பதன் படி 4. சார்போ இரண்டும் இல்லாதது. படி தலையை மட்டும் காட்டும். நாம் வால் வரைக்கும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விரிக்காத கோவை. (ம − 2)² என்று பார்த்ததும் மேலே 2 இருக்கிறதே என்று இரட்டை என்பார்கள். விரித்தால் ம² − 4ம + 4. நடுவில் ஒற்றை அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, (ம + 1)² − 2ம பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கும்; விரித்தால் ம² + 1, சுத்தமான இரட்டை. அடுக்கைப் பார்க்கும் குறுக்கு வழி முழுக்க விரித்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்த பிறகுதான் செல்லும்.

எண் வேறு, சார்பு வேறு

பெயர் ஒன்றாக இருப்பதால் எண்களின் விதியைச் சார்புகளுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒற்றை எண்ணையும் ஒற்றை எண்ணையும் கூட்டினால் இரட்டை எண்: 3 + 5 = 8. ஒற்றைச் சார்பையும் ஒற்றைச் சார்பையும் கூட்டினால் ஒற்றைச் சார்பேதான் வரும்: ம³ உடன் ம⁵ சேர்த்தால் எல்லா அடுக்கும் ஒற்றைதானே.

பெருக்கலில் இன்னும் விபரீதம். ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் பெருக்கினால் ஒற்றை எண்: 15. ஆனால் ம³ஐ ம⁵ஆல் பெருக்கினால் ம⁸, இரட்டை! சார்புகளைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன. ஆகவே சார்புகளின் பெருக்கலுக்கு எண்களின் கூட்டல் விதியைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றையும் ஒற்றையும் பெருகினால் இரட்டை, இரட்டையும் இரட்டையும் இரட்டை, ஒற்றையும் இரட்டையும் ஒற்றை. இந்த விதி கையில் இருந்தால் (ம² − 3)(ம³ + 2ம) போன்றதை விரிக்கவே வேண்டாம். முதல் காரணி இரட்டை, இரண்டாவது ஒற்றை, பெருக்கல் ஒற்றை. ஒரு மதிப்பெண் கேள்வியில் அரை நிமிடம் மிச்சம். ஆனால் காரணிகளில் ஒன்று 'இரண்டும் இல்லை' என்றால் இந்த விதி கைகொடுக்காது. (ம − 1), (ம + 1) தனித்தனியே இரண்டும் இல்லாதவை. பெருக்கினால் ம² − 1, இரட்டை. அங்கே விரித்துத்தான் ஆக வேண்டும்.

ஓர் எண் போதும், ஓர் எண் போதாது

இரண்டும் இல்லை என்று நிரூபிக்க, இயற்கணிதம் எல்லாம் தேவையில்லை. ஒரே ஓர் எண் போதும். சா(ம) = ம³ + 4ம² − 9 என்பதில் சா(1) = −4, சா(−1) = −6. இரண்டும் சமமில்லை, ஆகவே இரட்டை இல்லை. ஒன்றுக்கொன்று எதிர்க்குறியும் இல்லை, ஆகவே ஒற்றையும் இல்லை. தேர்வில் இதை எழுதினால் முழு நிரூபணம்.

ஆனால் 'ஆம்' என்று நிரூபிக்க ஓர் எண் போதாது. சா(ம) = ம³ − ம என்பதில் 1 போட்டாலும் 0, −1 போட்டாலும் 0. ஆகா, இரட்டை என்று துள்ளினால் ஏமாந்தோம். அது ஒற்றைச் சார்பு. 2 போட்டால் 6, −2 போட்டால் −6. கோவையின் பூச்சியங்களில் போய் நின்றுகொண்டு சோதித்தால் எல்லாமே சமமாகத்தான் தெரியும். பட்டப்பகலில் எல்லாக் கடையும் அடைத்திருக்கிற ஒரு நாளில் கடைவீதிக்குப் போய், இங்கே வியாபாரமே கிடையாது என்று முடிவு செய்த மாதிரி.

எத்தனை எண் போட்டால் போதும் என்று கேட்கும் பிள்ளைகளுக்காக: படி 5க்கு மேற்படாத கோவை என்றால் 1, 2, 3 ஆகிய மூன்றிலும் சா(ம), சா(−ம) சமமாக இருந்தால் அது இரட்டை என்று துணிந்து சொல்லலாம். காரணம், கோவையின் ஒற்றை அடுக்கு உறுப்புகளை மட்டும் பிரித்தெடுத்தால் அந்தப் பகுதி 1, 2, 3, −1, −2, −3, 0 என ஏழு இடங்களில் பூச்சியமாகும். படி 5 உள்ள கோவைக்கு ஐந்து பூச்சியங்களுக்கு மேல் கிடையாது. ஆகவே அந்தப் பகுதியே இல்லை. தேர்வுக்கு இது வேண்டாம். புரிந்தவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

மடிப்பதும் சுற்றுவதும்

வரைபடம் கொடுத்துக் கேட்டால் கணக்கே வேண்டாம். இரட்டைச் சார்பின் வரைபடத்தை நெட்டச்சின் மேல் மடித்தால் இடப்பாதி வலப்பாதியின் மேல் அச்சாகப் படியும். திருமலை நாயக்கர் மகாலின் வளைவு ஒன்றுக்கு நேர் எதிரே நின்று, உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமும் இருக்கும். 1636இல் கட்டிய கொத்தனார்கள் யாரும் சா(−ம) = சா(ம) என்று எழுதவில்லை, ஆனால் கட்டியது அதைத்தான்.

ஒற்றைச் சார்பை மடித்தால் சரிவராது. அதைச் சுற்ற வேண்டும். காகிதத்தை ஆதிப் புள்ளியில் ஊசியால் குத்தி, அரைச் சுற்று, அதாவது 180 பாகை திருப்பினால் வரைபடம் தன் மேலேயே வந்து உட்காரும். சீட்டுக்கட்டில் ராஜா படத்தை எடுங்கள். தலைகீழாகத் திருப்பினாலும் அதே ராஜா. ஆனால் நடுவில் மடித்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒக்காது. ஒற்றைச் சார்பு என்பது அந்த ராஜாதான். பெற்றோர் திட்டினால், கணக்குக்காகத்தான் சீட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பலிக்கும் என்று உறுதி தரமாட்டேன்.

மார்கழியில் வாசலில் போடும் சிக்குக் கோலங்களில் இரண்டு வகையும் கிடைக்கும். மடித்தால் ஒக்கிற கோலங்கள் உண்டு; மடித்தால் ஒக்காது, சுற்றினால் மட்டும் ஒக்கும் கோலங்களும் உண்டு. 1970களில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் வேலை செய்தவர்களும் கோலங்களைக் கணிதக் கண்ணோடு ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அந்த ஆராய்ச்சியின் ருசி நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

மடித்தாலும் ஒக்க வேண்டும், சுற்றினாலும் ஒக்க வேண்டும், வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரி நாலு பக்கமும் ஒரே போல இருக்க வேண்டும் என்றால்? அப்படி ஒரு சார்பு இருக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்று. சா(−ம) ஆனது சா(ம) உடனும் சமம், −சா(ம) உடனும் சமம் என்றால் சா(ம) = −சா(ம); ஆகவே சா(ம) = 0. பூச்சியச் சார்பு ஒற்றையும்தான், இரட்டையும்தான். அதன் வரைபடம் கிடையச்சேதான், காற்றில்லாத நாளில் தெப்பத் தண்ணீர் போலத் தட்டையான கோடு. வேறு எந்த மாறிலியும் இப்படி இல்லை; சா(ம) = 7 வெறும் இரட்டை.

முன்பே தெரிந்த ஒரு விதி

எந்தக் கோவையையும் இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். இரட்டை அடுக்கு உறுப்புகள் ஒரு பக்கம், ஒற்றை அடுக்கு உறுப்புகள் மறுபக்கம். ம³ + 4ம² − 9 என்றால் இரட்டைக் குவியல் 4ம² − 9. ஒற்றைக் குவியல் ம³. ஏதாவது ஒரு குவியல் காலி என்றால்தான் கோவைக்கு ஒற்றை, இரட்டை என்று பெயர்.

அப்படிக் காலியாவது எவ்வளவு அரிது? படி 5 வரைக்கும் ஆறு உறுப்புகள் வரலாம்: ம⁰ முதல் ம⁵ வரை. ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆக 2⁶ = 64 வகை. இரட்டை அடுக்குகள் 0, 2, 4 மட்டும் உள்ளவை, எல்லாமே இல்லாத பூச்சியத்தை விட்டால், 7. ஒற்றை அடுக்குகள் மட்டும் உள்ளவையும் 7. பூச்சியம் 1. மிச்சம் 49, அத்தனையும் இரண்டும் இல்லாதவை. புளியங்கொட்டை மனசோடு இந்தக் கணக்கில் இறங்கக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

இந்தக் குவியல் பிரிப்பை நீங்கள் பத்தாம் வகுப்புக்கு முன்பே பழகிவிட்டீர்கள். காரணி காணும்போது ஆசிரியர் சொல்வார்: கெழுக்களின் கூடுதல் பூச்சியம் என்றால் (ம − 1) ஒரு காரணி, இரட்டை அடுக்குகளின் கெழுக்களும் ஒற்றை அடுக்குகளின் கெழுக்களும் தனித்தனியே கூட்டிச் சமமாக வந்தால் (ம + 1) ஒரு காரணி. மாறிலியை இரட்டைப் பக்கம் சேர்க்கச் சொல்வார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இப்போது விளங்கும். ம = −1 போட்டால் இரட்டைக் குவியல் அப்படியே நிற்கும், ஒற்றைக் குவியல் கழித்தல் குறியோடு வரும். இரண்டும் சமம் என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம். மாறிலி ஏன் அந்தப் பக்கம் போயிற்று என்பதும் சோழவந்தான் பெண் சொன்ன பதில்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் பலன்

வரையறுத்த தொகையிடலில் எல்லைகள் −1 முதல் 1 வரை, −2 முதல் 2 வரை என்று சமச்சீராக இருந்தால் பேனாவை உடனே ஓட்டாதீர்கள். ஒற்றைச் சார்பு என்றால் விடை பூச்சியம். ஒரு பக்கப் பரப்பை மறுபக்கப் பரப்பு அடித்துவிடும். இரட்டைச் சார்பு என்றால் 0 முதல் பாதியை மட்டும் போட்டு இரட்டித்துக்கொள்ளலாம். நம் பலகையின் ம⁴ − 6ம² + 5 என்பதை −1 முதல் 1 வரை தொகையிட வேண்டுமா? 0 முதல் 1 வரை 1/5 − 2 + 5 = 3.2, இரண்டு மடங்கு 6.4.

இரண்டும் இல்லாதது வந்தாலும் கை விட வேண்டியதில்லை. 7ம³ + 3ம² − ம + 1 என்பதை −1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால் 7ம³, −ம இரண்டையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். 3ம² + 1 மட்டும் மிஞ்சும். 0 முதல் 1 வரை 2, இரட்டித்தால் 4. ஒரு மதிப்பெண் கேள்வியில் இதை முழுக்கத் தொகையிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சார்பகம் சமச்சீராக இல்லை என்றால் இந்தப் பேச்சே இல்லை. ம² என்ற சார்பின் சார்பகம் −1 முதல் 3 வரை என்று கொடுத்துவிட்டால் அது இரட்டைச் சார்பு ஆகாது. 2 போடலாம், −2 போட இடமில்லை. சார்பகம் சொல்லாவிட்டால் எல்லா மெய்யெண்களும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையால் போட்டுப் பாருங்கள்

தாளில் எழுதும்போது நாலு வரி போதும்: கொடுத்த சார்பு, (−ம) பிரதியிட்ட வரி, சுருக்கிய வரி, முடிவு. "எனவே சா(−ம) = −சா(ம), ஆகையால் ஒற்றைச் சார்பு" என்று காரணத்தோடு முடிவை எழுதுங்கள். இரண்டும் இல்லை என்றால் இரண்டையும் மறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறுத்துவிட்டு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான்.

1. 7ம⁶ − ம² + 11
2. ம⁵ − 4ம³ + ம − 3
3. (ம − 1)(ம − 2)(ம + 1)(ம + 2)
4. (ம + 1)³ − 3ம² − 1
5. ம(ம² + 5)(ம⁴ − 2)
6. (ம − க)² + 6ம + 1 இரட்டைச் சார்பு ஆக வேண்டுமானால் க என்ன? ஒற்றைச் சார்பு ஆக வேண்டுமானால்?

போட்ட பிறகு மட்டும் கீழே பாருங்கள். முதலாவது இரட்டை. இரண்டாவதில் வாலில் −3 ஒட்டியிருப்பதால் இரண்டும் இல்லை. மூன்றாவதில் முதலையும் மூன்றாவதையும், இரண்டையும் நாலையும் ஜோடி சேர்த்தால் (ம² − 1)(ம² − 4), இரட்டை. நாலாவது விரித்தால் ம³ + 3ம, ஒற்றை. விரிக்காமல் 'இரண்டும் இல்லை' என்று எழுதியவர்கள் மூன்றாவது முள்ளை மறுபடி படியுங்கள். ஐந்தாவதில் ஒற்றை, இரட்டை, இரட்டை பெருகி ஒற்றை. ஆறாவதை விரித்தால் ம² + (6 − 2க)ம + க² + 1. ஒற்றை அடுக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதன் கெழு பூச்சியமாக வேண்டும்; ஆகவே க = 3, சார்பு ம² + 10. ஒற்றைச் சார்பு ஆக வேண்டுமானால் ம² காணாமல் போக வேண்டும். அதன் கெழு 1; க எதுவாக இருந்தாலும் அது அசையாது.